குளிர்காலத்தை நம்பிய காலம்

பனியில் ஓடும் என் முதல் ஸ்னோமொபைல் முன்னால் மட்டும்தான் போகும். காட்டுப் பாதையில் திருப்ப இடமில்லாமல் நின்றுவிட்டால் இறங்கி, பின்பக்கக் கம்பியைப் பிடித்து, வண்டியைத் தூக்கித் தூக்கி வைத்து முகத்தை மாற்றவேண்டும். சாவியைத் திருகினால் இன்ஜின் உயிர்க்கும் வசதியும் அதில் இல்லை, கயிறு இழுக்கவேண்டும். மஞ்சள் மூடி, கறுப்பு இருக்கை, காற்றால் குளிரும் 250 சி.சி. ரோட்டாக்ஸ் இன்ஜின். 1979 ஆம் ஆண்டு ஸ்கிடூ எலான். 1988 இலையுதிர்காலத்தில் நானூறு டொலர் கொடுத்து வாங்கினேன். அதற்குப் பிறகு கார் வாங்கினேன், வீடு வாங்கினேன். அந்த மஞ்சள் வண்டி தந்த மகிழ்ச்சியை அவை எதுவும் தரவில்லை.

அப்போது நாங்கள் ஹர்ஸ்ட் என்ற ஊரில் இருந்தோம். ஒன்ராறியோவின் வடக்கே, 11 ஆம் இலக்க நெடுஞ்சாலை ஓரம், ரொறன்ரோவிலிருந்து தொள்ளாயிரம் கிலோமீற்றருக்கும் மேலே. மர ஆலைகளின் ஊர். சனங்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுகிறவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் மொன்றியல் வந்து இறங்கியவர்கள் வேலை கிடைத்த திசைக்குப் போனோம். மொன்றியலில் பொறுக்கிக்கொண்ட பிரெஞ்சு எனக்கு அங்கே ஒரு மர ஆலையில் வேலை வாங்கித் தந்தது. நவம்பரில் விழுந்த பனி ஏப்ரல்வரை கிடக்கும். ஆலையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து ஆலை. நடுவில் மளிகைக் கடை. ஊருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. வீதி முடிகிற இடத்தில் இடுப்பளவு பனி தொடங்கும், அதற்குப் பின்னால் கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள், அவ்வளவுதான். முதல் குளிர்காலத்தில் மனைவி ஜன்னலடியில் நின்று சொன்னாள்: "இஞ்சாருங்கோ, ஆறு மாசம் இப்பிடி வீட்டுக்கை அடைஞ்சு கிடந்தா மனிசருக்கு விசர் பிடிச்சிடும்."

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மரவெட்டி. கியூபெக்கின் அபிதிபிப் பகுதியில் பிறந்து, வேலை தேடி இங்கே வந்தவர். அவருக்கு இந்தக் குளிர்காலம் அடைபடும் காலம் அல்ல என்பதை நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோடையில் சேறும் நுளம்பும் நிறைந்த சதுப்பு நிலத்துக்குள் யாராலும் போகமுடியாது. உறைந்த பிறகு அது முழுக்க வீதி. ஏரி வீதி, ஆறு வீதி, சதுப்பு வீதி. டிசெம்பர் வந்தால் அவர் விறகுக்குப் போவார், மீனுக்குப் போவார், முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் மருமகனைப் பார்க்கப் போவார். புது வண்டி வாங்கியபோது பழையதை எனக்குத் தருகிறேன் என்றார். விலையை நான் பேரம் பேசவில்லை, அவரும் கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை அதை ஓட்டக் கற்றுத் தருவார் என்று நினைத்துப் போனேன். அவர் முதலில் கற்றுத் தந்தது அதைக் கழற்றிப் பூட்டுவதை.

அது சரியான ஒழுங்கு என்று இன்றும் சொல்வேன். ஏனென்றால் எலானை ஓட்டுவது பெரிய வித்தை அல்ல. வலது பெருவிரலால் ஒரு நெம்பை அழுத்தினால் போகும், விட்டால் வேகம் குறையும், இடது கையில் பிரேக். மைனஸ் முப்பதில் அதை எழுப்புவதுதான் வித்தை. முதல்நாள் இரவே அதற்கான வேலை தொடங்கிவிடும். வண்டியை வெறும் பனியில் விட்டால் ரப்பர் ட்ராக் தரையோடு சேர்ந்து உறைந்துபோகும். ஆகவே இரண்டு பலகைமேல், பலகை இல்லாத இடத்தில் ஸ்ப்ரூஸ் கிளைகளை வெட்டிப் போட்டு அதன்மேல் நிறுத்தவேண்டும். பெல்ட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவரவேண்டும், குளிரில் விறைத்த பெல்ட் வெடிக்கும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி அடுப்பங்கரையில் வைக்கவேண்டும். காலையில் சுடச்சுட அந்தப் பிளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பூட்டி, சோக்கை இழுத்து, முதலில் இரண்டு மூன்று தடவை மெதுவாகக் கயிற்றை இழுத்துப் பெற்றோலை உள்ளே வரவைத்து, பிறகு ஒரு முழு இழுவை. இன்ஜின் இருமும். சோக்கைப் பாதிக்குத் தள்ளி இன்னொன்று. நீல நிறப் புகையும் எரிந்த எண்ணெய் வாசமும் முற்றம் முழுக்கப் பரவி, அந்தப் படபட என்ற சத்தம் நிலைத்துவிட்டால் உடம்புக்குள் ஒரு சூடு ஏறும். அந்தச் சந்தோசத்தை எனக்கு வேறு எந்த இயந்திரமும் தரவில்லை.

பெற்றோலோடு எண்ணெயைக் கையால்தான் கலக்கவேண்டும். ஐம்பதுக்கு ஒன்று: ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு நூறு மில்லிலீற்றர் எண்ணெய். குறைந்தால் பிஸ்டன் உருகிப் பிடிக்கும், கூடினால் பிளக் கரிபிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனபோது பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த விசயமாக இருந்தது. சுன்னாகத்துக்குக் கிட்ட எங்களுடைய செம்மண் தோட்டத்தில் ஐயா தண்ணி இறைக்கிற மிசின் வைத்திருந்தார். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் விடிய முதல் எழும்பி இறைக்கவேண்டும். கப்பியில் கயிற்றைச் சுற்றி இழுத்துத்தான் அதை ஸ்டார்ட் பண்ணுவார். பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நெருப்புப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் உரசித் துடைத்து, இரண்டு முனைக்கும் இடையே இருக்கும் வெளியைக் கண்ணாலேயே அளந்து திருப்பிப் பூட்டுவதை நானும் அண்ணையும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்து வளர்ந்தோம். அந்த அறிவு எண்ணாயிரம் மைலுக்கும் அப்பால், பனிக்குள், ஒரு கனடா வண்டிக்கு உதவும் என்று ஐயாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் பிளக்கின் இடைவெளியை நகத்தால் சரிபார்த்த விதத்தைக் கண்ட கிழவர் அதன்பிறகு என்னை மாணவனாக நடத்தவில்லை, கூட்டாளியாக நடத்தினார்.

ஏரிக்கு முதன்முதல் போனது ஜனவரியில். எங்கள் ஊருக்கு வடமேற்கே ஃபுஷிமி ஏரி இருக்கிறது, இப்போது மாகாணப் பூங்கா. காட்டுக்குள்ளால் போன ஒடுங்கிய பாதை திடீரென்று முடிந்து வானம் திறந்தது. ஒரு மரமும் இல்லாத வெள்ளை வெளி. யாழ்ப்பாணத்தில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்த அகலம் தெரியும். ஆனால் அந்த அகலத்தின் நடுவில் போய் இறங்கி நிற்கலாம் என்பது புதிது. கிழவர் ஐஸில் துளை போட்டார், நான் தூண்டில் விட்டேன். இங்கே பிக்கரெல் என்று சொல்லும் மீன், பிரெஞ்சுக்காரர் அதைத் தோரே என்பார்கள். வெள்ளைச் சதை, முள் குறைவு, குழம்புக்குத் தோதான மீன். அன்று இரவு மனைவி கறித்தூளும் பழப்புளியும் போட்டுக் குழம்பு வைத்து அவருக்கும் ஒரு சட்டி கொடுத்தனுப்பினாள். சட்டி வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது.

பிறகு நாங்கள் வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. மனைவி முன்னால் கைபிடித்து ஓட்ட, நான் பின்னால் இருந்து போன நாள்களும் உண்டு. இரவில் போவது எனக்கு மிகவும் பிடிக்கும். எலானின் முன்விளக்குக்கு பற்றரி இல்லை. இன்ஜின் சுழலும்போது பிறக்கும் மின்சாரத்தில்தான் எரியும். வேகமாகப் போனால் வெளிச்சம் கூடும், மெதுவாகப் போனால் மங்கும். தெரியாத இடத்தில் மெதுவாகத்தானே போகவேண்டும்? அந்த இடத்தில்தான் விளக்கு மங்கிப்போகும். அப்போது கண்கள் நிலவுக்குப் பழகும். பனியில் முயல் போன தடம், நரி அதைத் தொடர்ந்த தடம், மூஸ் மான் குறுக்கே கடந்த ஆழமான குழிகள் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அந்தக் காட்டை நான் கற்றது அந்த மங்கல் விளக்கால்.

ஏரியில் பனிக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதையும் கிழவர்தான் சொல்லித் தந்தார். ஐஸ்மேல் பனி அதிகம் விழுந்தால் அதன் பாரத்தில் ஐஸ் சற்றுக் கீழே அமிழும். வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் மேலே ஏறி, பனிக்கு அடியில் கூழாகக் கிடக்கும். மேலே பார்த்தால் நல்ல வெள்ளைப் பனி. வண்டி அதற்குள் போனால் ட்ராக் கூழை அள்ளிக்கொண்டு நின்றுவிடும், நின்ற சில நிமிடத்தில் முழுவதும் கல்லாக உறையும். அப்படி ஒரு மாலை நாங்கள் அகப்பட்டோம். முழங்கால்வரை கூழில் நின்று, ஸ்ப்ரூஸ் கிளைகளை வெட்டி ட்ராக்கின் அடியில் செருகி, இரண்டுபேருமாகத் தூக்கி வெளியே எடுத்தோம். எலான் இலேசான வண்டி என்பதால் அது முடிந்தது. பிறகு வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உறைந்த கூழைக் கோடரியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி உதிர்த்தோம். திரும்பி வரும்போது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டு வாசலில் என் தோளில் கை வைத்து, நாளைக்கு ஆறு மணிக்கு வா, வேறு இடம் காட்டுகிறேன் என்றார்.

அவர் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதே பனிவண்டியில்தான். வட்டமான ஜன்னல்கள் வரிசையாக வைத்த, பன்னிரண்டுபேர் இருக்கக்கூடிய மரவண்டி. பி-12 என்று பெயர். செய்தவர் ஜோசெப் அர்மான் பொம்பார்டியே, கியூபெக்கில் வல்கூர் என்ற கிராமத்தில் 1907 இல் பிறந்தவர். பதினைந்து வயதில் பழைய ஃபோர்ட் இன்ஜினையும் ஒரு காற்றாடியையும் சறுக்குவண்டியில் பூட்டிப் பனியில் ஓட்டிக்காட்ட, காற்றாடி யாரையாவது வெட்டிவிடும் என்று பயந்த தகப்பன் அதை உடனே கழற்றச் சொன்னார். அதைவிட முக்கியமான கதை 1934 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடந்தது. பொம்பார்டியேயின் இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. வீதியெல்லாம் பனி மூடிக் கிடக்க, பிள்ளையை ஐம்பது கிலோமீற்றர் தூரத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பிள்ளை இறந்துவிட்டது. தகப்பன் பனியில் ஓடும் வண்டியை முடிக்காமல் விடவில்லை. 1937 இல் ரப்பர் பட்டையைப் பற்சக்கரத்தால் சுழற்றும் அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. அவருடைய வண்டிகள் வைத்தியரையும் தபாலையும் பாதிரியாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன.

பிறகு 1948 இல் கியூபெக் அரசு கிராம வீதிகளிலும் பனியை வழிக்கத் தொடங்கியது. சனங்களுக்கு நல்லது, பெரிய பனிவண்டிகளுக்கு வேலை குறைந்தது. பொம்பார்டியே, பனி வழித்த வீதியை விட்டுவிட்டு வீதியே இல்லாத இடத்தைப் பார்த்தார். எடை குறைந்த இன்ஜின்கள் வந்ததும், மூத்த மகன் ஜெர்மான் ஒரே துண்டாக வார்த்த ரப்பர் ட்ராக்கை உருவாக்கித் தந்ததும், ஒருவர் இருவர் போகிற சின்ன வண்டியைச் செய்தார், அதுதான் ஸ்கிடூ. 1959 இல் அதன் முதல் மாதிரி ஒன்று போன இடம் எங்கள் ஹர்ஸ்டிலிருந்து நானூறு கிலோமீற்றர் அளவில் வடமேற்கே இருக்கும் லான்ஸ்டவுன் ஹவுஸ். அங்கே பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்துவந்த மொரிஸ் உய்மே என்ற பாதிரியார் நாய்வண்டியில் அலைந்துகொண்டிருந்தார். அவருக்காகப் பொம்பார்டியே கொண்டுபோனார். கிழவர் இதைச் சொல்லும்போது குரல் மாறும். எங்கள் காட்டில்தான் முதல் ஸ்கிடூ ஓடியது என்பார். 1968 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ரால்ஃப் பிளெய்ஸ்டட் என்ற காப்புறுதி முகவர் தன் கூட்டாளிகளோடு ஸ்கிடூவில் வடதுருவத்துக்கே போய்ச் சேர்ந்தார். அமெரிக்க விமானப்படை விமானம் மேலே பறந்து இடத்தை உறுதிப்படுத்தியது. கூடப் போனவர்களில் ஒருவர் பொம்பார்டியேயின் சகோதரர் மகன் ஜான்-லுக். 1964 இல் இறந்துபோன பெரியவர் பொம்பார்டியே அதைப் பார்க்கவில்லை.

இந்த வண்டியைப் பற்றி அண்ணைக்கு எழுதியிருந்தேன். படமும் வைத்து அனுப்பினேன். பதில் வர மாதக்கணக்கில் ஆனது. சில்லு இல்லாமல் அது எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தான். நான் நாலு பக்கத்தில் விளக்கம் எழுதினேன். முன்னால் திருப்புவதற்கு இரண்டு சறுக்குப் பலகை. பின்னால் அகலமான ரப்பர் பட்டை, அதுதான் பனியைப் பிடித்துத் தள்ளுகிறது. பாரம் அந்தப் பட்டை முழுவதிலும் பரவுவதால், ஒரு மனிதன் நின்றால் பாதம் அழுத்துவதைவிட எத்தனையோ மடங்கு குறைவாகத்தான் வண்டி பனியை அழுத்துகிறது. அதனால்தான் நீ புதைகிற இடத்தில் அது புதையாது. கியர் கிடையாது. இன்ஜினில் ஒரு கப்பி, ட்ராக் பக்கத்தில் ஒரு கப்பி, நடுவில் பெல்ட். இன்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற முன் கப்பியின் இரண்டு தட்டும் நெருங்கிப் பெல்ட்டை வெளிவிளிம்புக்கு ஏற்றும், பின் கப்பி விரிந்து அதை உள்ளே இறக்கும். கியர் மாற்றுகிற வேலை தானாக நடக்கிறது. ஐயாவின் மிசின் அறையில் இருவரும் வளர்ந்ததால் அவனுக்கு விளங்கும் என்று தெரியும். விளங்கியது. அடுத்த கடிதத்தில் பெல்ட் தேய்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்டான்.

ஆனால் அதற்குள் 1990 வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவதை அரசு தடைசெய்திருந்தது. மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுகிறோம், அதுவும் கிடைத்தால்தான் என்று அண்ணை எழுதியிருந்தான். தோட்டத்து மிசின் நின்றுவிட்டது. துலா மிதித்து இறைக்கிறார்கள். குறை சொல்லி எழுதியது அல்ல, செய்தியாகத்தான் எழுதியிருந்தான். கடிதத்தின் கடைசி வரியில் என் வண்டி எப்படி ஓடுகிறது என்று விசாரித்திருந்தான். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஐந்து லீற்றர் கானில் எண்ணெய் கலக்கும்போது ஒரு துளி வெளியே சிந்தவிடாமல் கலந்தேன். காட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. போகிற இடங்களைப் பற்றி அவனுக்கு முன்னையைவிட நீளமாக எழுதினேன், அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதால்.

இப்போது எனக்கு எழுபது நெருங்குகிறது. மகன் அதே ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான், அவனிடமும் ஸ்கிடூதான். 850 சி.சி. இன்ஜின், பெற்றோலைக் கணினி அளந்து நேராக அறைக்குள் தெளிக்கிறது, எண்ணெயை அதுவே கலந்துகொள்கிறது. பொத்தானை அமுக்கினால் மைனஸ் முப்பத்தைந்திலும் அந்தக் கணமே எழும்புகிறது. இன்னொரு பொத்தானில் பின்னால் போகிறது. கைப்பிடி சுடுகிறது, பெருவிரல் வைக்கும் இடமும் சுடுகிறது. திரையில் வரைபடம். எலானில் ஒரு மணித்தியாலம் போனால் நாரி விட்டுப்போகும், சின்னச் சக்கரங்களும் வில்லுகளும் தாங்கியதைவிட முதுகு தாங்கியது அதிகம். இதில் நாள் முழுக்கப் போய்விட்டு வந்து பேரப்பிள்ளையோடு விளையாடலாம். புகையும் சத்தமும் அன்றையதோடு பார்க்க எவ்வளவோ குறைவு. அந்தக் காலத்து வண்டிதான் நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இது எல்லா வகையிலும் சிறந்த வண்டி. செய்தவர்களை நான் மதிக்கிறேன்.

ஓடுவதற்குத்தான் குளிர்காலம் போதவில்லை.

அன்று டிசெம்பர் நடுவில் ஏரி தாங்குமா என்று நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை. வண்டி எழும்புமா, பெல்ட் நிற்குமா, பிளக் கரிபிடிக்குமா என்பதுதான் கவலை. பனி வரும், ஐஸ் இறுகும், ஏப்ரல்வரை நிற்கும். அதில் சந்தேகமே இல்லை. நம்பமுடியாத வண்டியில் நம்பக்கூடிய குளிர்காலத்துக்குள் போனோம். இன்று வண்டி ஒருபோதும் ஏமாற்றுவதில்லை, மழை பெய்கிறது ஜனவரியில். 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவேடு தொடங்கியதிலிருந்து மிகச் சூடானது, வழமையைவிட ஐந்து பாகைக்கு மேல். ஒன்ராறியோவின் பனிவண்டிப் பாதைகளைக் காட்டும் வரைபடத்தில் பச்சை திறந்த பாதை, மஞ்சள் கட்டுப்பாடுள்ளது, சிவப்பு மூடியது. அந்த ஆண்டு தெற்கில் பல பாதைகள் ஒரு நாள்கூடப் பச்சைக்கு மாறாமலே குளிர்காலம் முடிந்தது. எங்கள் வடக்கில் அவ்வளவு மோசமில்லை. ஆனால் எங்களுக்கும் ஏரி தாமதமாகத்தான் இறுகுகிறது, சீக்கிரம் விட்டுப்போகிறது, நடுவிலும் நம்பமுடிவதில்லை.

எங்களுக்கு இது பொழுதுபோக்கின் இழப்பு. இன்னும் வடக்கே இருப்பவர்களுக்கு அப்படியல்ல. அங்கே பழங்குடி ஊர்கள் பலவற்றுக்கு நிரந்தர வீதியே கிடையாது. ஏரியும் ஆறும் உறைந்தால்தான் லொறி போகும், வருடம் முழுவதற்குமான எரிபொருளும் கட்டடச் சாமானும் அந்தச் சில வாரங்களில்தான் போய்ச் சேரவேண்டும். 2024 பெப்ரவரியில் அந்தக் குளிர்கால வீதிகள் தாங்காமல் போனபோது, வடக்கு ஒன்ராறியோவின் நாற்பத்தொன்பது பழங்குடிச் சமூகங்களைக் கொண்ட நிஷ்னாபே அஸ்கி நேஷன் அவசரநிலை அறிவித்தது. பனி மூடியதால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாத தகப்பனில் தொடங்கிய கதை இது. இப்போது பனி வராததால் சாமான் போய்ச் சேரமுடியாத ஊர்களில் வந்து நிற்கிறது. எங்கள் வண்டிகளின் புகையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். மொத்தப் புகையில் அது ஒரு சிறு பங்கு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பனியை நேசிக்கிறவன் பனியைக் கரைக்கிறதற்குத் துணைபோவது மனதை அரிக்கிறது.

1970 அளவில் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஸ்னோமொபைல் செய்தன. இன்று ஒரு கை விரல்கள் போதும் எண்ண. 1968 இல் தொடங்கிய யமஹாவும் 2023 இல் இந்தத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஸ்கிடூவில் இப்போது மின்சார வண்டி வந்திருக்கிறது, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஐம்பது கிலோமீற்றர் போகும் என்கிறார்கள். எங்கள் ஊர்த் தூரங்களுக்கு அது காணாது. ஆனால் மகனுக்குச் சொல்லியிருக்கிறேன், தூரம் இரட்டித்ததும் அதைத்தான் வாங்கவேண்டும் என்று. சத்தமில்லாமல் காட்டுக்குள் போகலாம் என்றால் நான் பின்னால் ஏறி வருவேன்.

பக்கத்து வீட்டுக் கிழவர் 2003 இல் இறந்தார். ஊர் அடக்கம் செய்தது மார்ச்சில், நல்ல பனி. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கார்களைவிட ஸ்கிடூக்கள் அதிகம் நின்றன. அவருக்கு அது பிடித்திருக்கும். எலானை நான் விற்கவில்லை. கராஜில் பலகைமேல் நிற்கிறது, வருடத்துக்கு ஒருமுறை பிளக்கைத் துடைத்துக் கயிறு இழுப்பேன். அண்ணை சுன்னாகத்தில்தான். வட்ஸ்அப்பில் எடுப்பான். எண்பதை நெருங்கும் அந்த மனிதன் வாழ்நாளில் பனியைத் தொட்டதில்லை. ஆனால் டிசெம்பர் பிறந்தால் நலம் விசாரிக்க முதல் கேட்பது, "தம்பி, ஏரி உறைஞ்சுதோ?"

அவனுக்குச் சரியான பதில் சொல்லக்கூடிய ஆள் நான்தான், ஏனென்றால் ஐஸ் அளக்கும் வேலையை எங்கள் ஊர்ப் பனிவண்டிச் சங்கத்தில் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொண்டர்கள் நாலைந்துபேர் கயிறு கட்டிக்கொண்டு கரையிலிருந்து தொடங்கி, சில அடிக்கு ஒரு துளை போட்டு அளந்துகொண்டு போவோம். தெளிந்த, கறுப்பாகத் தெரியும் ஐஸ் பதினைந்து சென்ரிமீற்றர் இருந்தால் ஒரு தனி வண்டி போகலாம். பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸ் அதன் பாதிப் பலம்தான், அதற்கு இரட்டிப்பாக வேண்டும். பாதையைச் சீராக்கும் பெரிய இயந்திரத்துக்கு இன்னும் அதிகம். ஆற்று வாயிலும், நீரோட்டம் உள்ள ஒடுக்கத்திலும், பீவர் வீடு இருக்கும் இடத்திலும் அளவை நம்பக்கூடாது. தாங்கும் என்று உறுதியான பிறகுதான் குச்சி நடுவோம். முன்பு ஒரு காலையில் முடிந்த வேலை இது. இப்போது வாரக்கணக்கில் இழுபடுகிறது. நட்ட குச்சியை நடுக் குளிர்காலத்தில் பிடுங்கி எடுத்த ஆண்டும் உண்டு. நான் இந்த வேலையை விடமாட்டேன். ஊரில் ஒருவரும் ஐஸுக்குள் போகக்கூடாது.

பேத்திக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. ஒன்ராறியோவில் அந்த வயதில் பயிற்சி எடுத்துப் பரீட்சை சித்தியடைந்தால் பாதையில் ஓட்ட அனுமதி கிடைக்கும். ஒக்டோபரிலேயே எடுத்துவிட்டாள். ஹெல்மெட்டும் பூட்ஸும் வாசலில் தயார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பை இறக்க முதல் என்னிடம்தான் வருவாள்.

"அப்பப்பா, இண்டைக்கு எத்தினை?"

"ஒன்பது சென்ரிமீற்றர்."

"இன்னும் ஆறு," என்றாள். "ராவைக்கு மைனஸ் இருபத்தி நாலாம், நான் பாத்திட்டன். நாளைக்கு நானும் அளக்க வாறன்."